சோலைப் பக்கம் ஏன் திரும்பினார்கள்?

சென்ற கார்த்திகையில் ஒரு காலை நேரம், கோத்தகிரியிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பதைப் படம்பிடித்தேன். சிறு தேயிலை விவசாயிகளுக்காக நானும் இரண்டு தோழிகளும் சேர்ந்து யூடியூபில் வெளியிட்டுவரும் காணொளிகளில் அதுவும் ஒன்று. எட்டு நிமிடம் ஓடும் அந்தக் காணொளியில் பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் தமிழிலேயே எழுதித் திரையின் அடியில் தோன்றும்படி சேர்த்துவிட்டு, காது கேட்பது வெகுவாகக் குறைந்துவிட்ட என் அப்பாவிடம் சற்றுப் பெருமையோடுதான் போட்டுக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். ஆறாவது நிமிடத்தில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“ஏம்மா, எல்லாரும் எதுக்கு ஒரே நேரத்துல சோலைப் பக்கம் திரும்புறாங்க?”

கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஐந்து பெண்களும் அந்த இடத்தில் கையை நிறுத்திவிட்டு மேட்டிலுள்ள சோலையைப் பார்ப்பார்கள். சில நொடிகள் கழித்து ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மறுபடி பறிக்கத் தொடங்குவார்கள். சோலைக்குள் கேளையாடு என்னும் சிறு மான் குரைத்ததே காரணம். கேளையாடு விடாமல் குரைத்தால் பக்கத்தில் சிறுத்தை இருக்கலாம் என்பது இங்கே தோட்ட வேலை செய்கிற எவருக்கும் தெரியும். குரைப்பு ஒலிப்பதிவில் மிகத் தெளிவாக விழுந்திருந்தது. ஆனால் அந்த நேரத்தில் யாரும் பேசவில்லை. ஆகவே எழுத எதுவுமில்லை என்று நான் நினைத்துவிட்டேன்.

சப்டைட்டிலுக்கும் கேப்ஷனுக்கும் உள்ள வேறுபாட்டை நான் ஏற்கெனவே படித்திருந்தேன், பிறருக்கு விளக்கியும் இருக்கிறேன். சப்டைட்டில் என்பது காது கேட்கிற, ஆனால் அந்த மொழி தெரியாத ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்படுவது. தொலைபேசி மணி, கதவு தட்டும் ஓசை, அழுகை, இடி எல்லாம் அவருக்குத் தானாகவே கேட்டுவிடும். பேச்சை மட்டும் மொழிபெயர்த்துக் கொடுத்தால் போதும். கேப்ஷன் என்பது மொழி தெரிந்த, ஆனால் காது கேட்காத ஒருவருக்கானது. பேச்சோடு, பேசுபவர் யார், எந்தத் தொனியில் பேசுகிறார், திரைக்கு வெளியே என்ன ஒலிக்கிறது, இசை எப்போது தொடங்கி எப்போது நின்றது என்பதெல்லாம் அதில் வந்தாக வேண்டும். இவ்வளவும் தெரிந்திருந்தும், பேச்சு எழுத்தாகிவிட்டது என்ற நிறைவில் நான் அப்பாவுக்குக் கொடுத்தது ஒரு சப்டைட்டில்தான். தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவருக்குத் தமிழ்ப் பேச்சுக்கான சப்டைட்டில்.

இந்தக் குழப்பத்துக்குச் சொற்களும் ஓரளவு காரணம். பிரிட்டனில் இரண்டையுமே சப்டைட்டில் என்றுதான் சொல்கிறார்கள். அமெரிக்காவில் பிரித்துச் சொல்கிறார்கள். ஓடிடி தளங்களில் ‘காது கேளாதோருக்கான சப்டைட்டில்’ என்று இரண்டுக்கும் நடுவே ஒன்று இருக்கிறது. தமிழில் சில செயலிகளின் அமைப்புப் பக்கத்தில் ‘மூடிய தலைப்புகள்’ என்று போட்டிருக்கிறார்கள். அதை முதலில் பார்த்தபோது அப்பா, மூடியிருந்தால் எப்படிப் படிப்பது என்று கேட்டார். நியாயமான கேள்வி. ‘குளோஸ்டு கேப்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்து வைத்ததால் வந்த வினை அது. வேண்டும்போது திறந்து, வேண்டாதபோது மறைத்துக்கொள்ளக்கூடிய எழுத்து என்பதே அதன் பொருள். படத்தோடு படமாக ஒட்டிப்போய், யாராலும் அணைக்க முடியாதபடி நிற்பது திறந்த வகை. நான் இந்தப் பதிவில் கேப்ஷன் என்றே எழுதிக்கொண்டு போகிறேன்; நல்ல தமிழ்ச் சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளத் தடையில்லை.

ஊமைப்பட காலத்தில் காது கேட்பவரும் கேட்காதவரும் ஒரே கொட்டகையில், ஒரே எழுத்து அட்டைகளைப் படித்துக்கொண்டு, ஏறக்குறைய ஒரே படத்தைத்தான் பார்த்தார்கள். பேசும் படம் வந்ததும் எழுத்து அட்டைகள் போயின. தமிழின் முதல் பேசும் படமான ‘காளிதாஸ்’ வெளிவந்த 1931ஆம் ஆண்டை நாம் கொண்டாடுகிறோம். காது கேளாத தமிழர்களுக்குத் திரைப்படம் ஊமையானது அப்போதுதான் என்று சொல்லவும் இடமிருக்கிறது. அந்த எழுத்து வேறு நாடுகளில் திரும்பி வரவும் நெடுங்காலம் பிடித்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள பொதுத் தொலைக்காட்சி நிலையம் 1972இல் ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை, அணைக்க முடியாத திறந்த எழுத்தோடு ஒளிபரப்பியது. வேண்டாதவர் கண்ணுக்குத் தெரியாமல் வேண்டியவருக்கு மட்டும் அந்த எழுத்தைக் கொண்டுசேர்க்க, தொலைக்காட்சிப் படத்தின் 525 வரிகளில் பார்வைக்கு வராத 21ஆவது வரியில் எழுத்தைத் தகவலாக ஒளித்து அனுப்பும் முறையை உருவாக்கி, 1980 மார்ச் 16 அன்று முறையான ஒளிபரப்பைத் தொடங்கினார்கள். அதைப் பிரித்துக் காட்டத் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டியிருந்தது. 1990இல் ஒரு சட்டம் வந்து, 1993 ஜூலை முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள தொலைக்காட்சிகள் எல்லாவற்றுக்குள்ளும் அதைப் பிரித்துக் காட்டும் மின்சுற்று இருக்க வேண்டும் என்று ஆன பிறகுதான் பெட்டி வாங்கும் செலவு ஒழிந்தது.

நம் வீடுகளில் 1980களின் பிற்பகுதியில் ஞாயிறு பிற்பகல்களில் தூர்தர்ஷன் காட்டிய பிற மாநில மொழிப் படங்களின் ஆங்கில எழுத்துதான் பலருக்கும் முதல் அறிமுகம். அவை சப்டைட்டில்கள். அந்தப் படங்களை அப்பா நன்றாகக் காது கேட்ட காலத்தில் பார்த்திருக்கிறார். கதையில் பாதி புரியவில்லை என்று சொல்வார்.

அப்பாவின் காதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒலியைக் கூட்டி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் நிறையப் பேர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் தேயிலைத் தொழிற்சாலையில், இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. உருளைகளின் அருகே நின்றவர். இடைவிடாத இரைச்சல் உட்செவியிலுள்ள மயிரணுக்களை அழித்துவிடும். அழிந்தவை மறுபடி முளைப்பதில்லை. இரைச்சலால் வரும் கேள்வியிழப்பு பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணையொட்டித் தொடங்கும். பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்களில் வலுவாக இருப்பவை. ச, ட, த, ப போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் நுட்பமான கூறுகள் பல உயர்ந்த அதிர்வெண்களில் மெலிதாக இருப்பவை. ஆகவே யாரோ பேசுகிறார்கள் என்பது அப்பாவுக்குக் கேட்கும், என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது. பட்டம், கட்டம், சட்டம் மூன்றும் அவருக்கு ‘அட்டம்’ என்ற ஒரே சொல். ஒலியைக் கூட்டினால் அந்த ‘அட்டம்’ இன்னும் உரக்கக் கேட்கும், அவ்வளவுதான். உதட்டைப் பார்த்து ஓரளவு ஊகித்துக்கொள்வார்; ஆனால் பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலவே தெரிவதால் ‘பாடு’, ‘மாடு’ இரண்டுக்கும் அவரால் வேறுபாடு காண முடியாது.

இந்த உதடு விவகாரம்தான் என்னை அடுத்த சிக்கலில் மாட்டிவிட்டது. முதல் முறை எழுதும்போது, பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழாகத் திருத்தியிருந்தேன். தோட்டத்துப் பெண்மணி “வந்துட்டாங்க” என்று சொல்ல, திரையில் “வந்துவிட்டார்கள்” என்று வந்தது. எழுதினால் ஒழுங்காக எழுத வேண்டும் என்ற பள்ளிக்கூடப் பழக்கம். அப்பாவுக்கோ உதட்டில் மூன்று அசைவு முடிந்த பிறகும் எழுத்து நீண்டுகொண்டே போனது. கண்ணும் உதடும் ஒத்துழைக்காமல் அவர் தடுமாறினார். அதைவிட அவரை உறுத்தியது வேறு: எங்கள் வீட்டுக்கு வந்து போகிற பெண்கள் எல்லாம் திடீரென்று வானொலிச் செய்தி வாசிப்பவர்களாகிவிட்டார்கள் என்றார். பேசியது பேசியபடியே வர வேண்டும் என்று உலகெங்கும் காது கேளாத பார்வையாளர்கள் கேட்டு வருவதன் காரணம் அப்போது எனக்கு உறைத்தது. பேசியதைச் சுருக்கியோ திருத்தியோ கொடுக்கும்போது, எதைக் கேட்கலாம் என்று மற்றொருவர் அவருக்காக முடிவு செய்துவிடுகிறார்.

ஆயினும் பேச்சுத் தமிழை அப்படியே எழுதுவதும் எல்லாருக்கும் உதவாது. பிறவியிலேயே காது கேளாத ஒரு சிறுவனிடம் அதே காணொளியைக் காட்டினேன். “பறிச்சிட்டிருந்தப்ப” என்ற சொல்லில் அவன் நின்றுவிட்டான். பேச்சுத் தமிழ் ஒருபோதும் அவன் காதில் விழுந்ததில்லை. அவன் கற்ற தமிழ் முழுவதும் பாடப்புத்தகத்தின் எழுத்துத் தமிழ். மேலும், அவனைப் போன்றவர்களுக்கு முதல் மொழி இந்தியச் சைகை மொழியாக இருக்கலாம். அதற்குத் தமிழினின்று வேறான தனி இலக்கணம் உண்டு. அவர்களுக்கு எந்தத் தமிழ் எழுத்தும் இரண்டாம் மொழிதான், ஆகவே சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்க வேண்டிய இடத்தைக் கேப்ஷன் முழுவதுமாக நிரப்பிவிடாது. நான் இப்போது கடைப்பிடிப்பது ஒரு நடுவழி: வினைமுற்றுகளைப் பேசியபடியே விடுகிறேன், ஆனால் உச்சரிப்பின் ஒவ்வொரு நெளிவையும் எழுத்தில் காட்ட முயல்வதில்லை. “பறிச்சிட்டிருந்தப்ப” என்பதைப் “பறிச்சிட்டு இருந்தப்போ” என்று பிரித்தால் அச்சிறுவனும் படித்துவிடுகிறான், அப்பாவின் கண்ணும் உதட்டோடு ஒத்துப்போகிறது. இது சரியான தீர்வு என்று சாதிக்கமாட்டேன்.

கணினி தானாகவே எழுதிக் கொடுக்கும்போது இவ்வளவு உழைப்பு எதற்கு என்று தோழி கேட்டாள். யூடியூப் 2009இல் ஆங்கிலத்துக்குத் தானியங்கிக் கேப்ஷன் வசதியைக் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் இருந்த கென் ஹாரன்ஸ்டீன் என்ற பொறியாளரே காது கேளாதவர். நான் அந்த வகைக் கருவிகளை வெறுப்பவள் அல்லள். முதல் வரைவுக்கு அவை பெரிய உதவி. ஆனால் மலைத்தோட்டத் தமிழ் அவற்றின் காதில் படும் பாடு இருக்கிறதே! தேயிலைச் செடியை வெட்டிவிடுவதை நாங்கள் கவாத்து என்போம். அதே சொல்லுக்குப் படை வீரர்களின் பயிற்சி என்றும் பொருள் உண்டு. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை கவாத்து செய்ய வேண்டும் என்று ஒரு பெரியவர் சொன்னதைக் கருவி தமிழில் சரியாகத்தான் எழுதியது. அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனபோது செடிகளுக்கு அணிவகுப்புப் பயிற்சி கொடுத்துவிட்டது. கொழுந்து சில இடங்களில் ‘கொளுந்து’ ஆனது, ஒரு முறை ‘குழந்தை’ ஆனது. குழந்தையைக் கிள்ளிக் கூடையில் போட வேண்டும் என்று ஓடிய அந்த வரியை வெளியிடுவதற்கு முன் பார்த்ததால் தப்பித்தோம். கேளையாடு குரைத்ததை அந்தக் கருவியும் எழுதவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அதைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

கேப்ஷன் கோப்பு செய்வது எளிது. ஒரு எண், அடுத்த வரியில் 00:06:12,400 --> 00:06:15,900 என்பதுபோலத் தொடக்க நேரமும் முடிவு நேரமும், அதன் கீழே எழுத்து, பிறகு ஒரு வெற்று வரி, எஸ்.ஆர்.டி. கோப்பு என்பது இவ்வளவே. நோட்பேடில் அடித்துவிடலாம். சேமிக்கும்போது யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பழைய பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வாங்கிய பக்கங்களையும் அப்படியே ஏற்ற முடியாது. ஆங்கில எழுத்துகளின் குப்பையாக வரும், முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றிக்கொள்ள வேண்டும். இணையதளங்களுக்கான வெப்விடிடி வடிவத்தில் மில்லிநொடிக்கு முன் காற்புள்ளிக்குப் பதில் புள்ளி வரும், எழுத்து திரையில் எங்கே நிற்க வேண்டும் என்றும் சொல்ல முடியும். கவாத்துக் காணொளியில் எனக்கு அது தேவைப்பட்டது. கத்தி செடியில் இறங்கும் இடம் திரையின் அடிப்பகுதி. கேப்ஷன் வந்து உட்காரும் இடமும் அதுவே. எந்தக் கோணத்தில் வெட்டுவது என்று அந்தப் பெரியவர் சொல்லச் சொல்ல, அவருடைய சொற்களே வெட்டை மறைத்துக்கொண்டிருந்தன. அந்தப் பகுதியில் மட்டும் எழுத்தைத் திரையின் மேற்பக்கம் ஏற்றினேன்.

ஒரு வரியில் எவ்வளவு எழுதலாம் என்பதில் ஆங்கிலக் கணக்கு நமக்கு ஒத்துவராது. மேட்டுப்பாளையம் என்ற சொல்லில் நம் கணக்குக்கு எட்டு எழுத்து. ஒருங்குறி அதையே பதினைந்தாக எண்ணும், ஏனென்றால் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகள். ஒரு வரிக்கு 42 குறிகள் என்ற ஆங்கில வரம்பைக் கணினி தமிழுக்கும் போட்டால் மூன்று நான்கு சொல்லுக்குள் வரி முடிந்துவிடும். நான் குறிகளை எண்ணுவதை விட்டுவிட்டு, அப்பா படிக்கும் வேகத்தை அளவாக வைத்துக்கொண்டேன்: இரண்டு வரிக்கு மேல் இல்லை, ஒரு வரியில் ஐந்து சொல்லுக்கு மேல் இல்லை, ஒரு நொடிக்குக் குறைவாக எதுவும் நிற்பதில்லை. வரியை எங்கே உடைப்பது என்பதும் முக்கியம். “பச்சைத் தேயிலை / விலை” என்று உடைத்தால் கண் தட்டும். பெயரையும் அதன் அடையையும் பிரிக்காமல் சேர்த்தே வைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் படுகர் பாட்டியைப் பேட்டி எடுத்தபோது சப்டைட்டிலும் கேப்ஷனும் ஒரே கோப்பில் வந்து சேர்ந்தன. பாட்டி படுக மொழியில் பேசினார். அதைத் தமிழில் தந்தது சப்டைட்டில் வேலை. காது கேட்கும் தமிழருக்கு அது போதும், மொழி வேறு என்பது அவர் காதிலேயே விழுந்துவிடும். அப்பாவுக்கோ திரை முழுவதும் தமிழ்; பாட்டி தமிழில்தான் பேசுகிறார் என்றே நினைத்தார். அப்புறம் நடுவில் பாட்டி என் பக்கம் திரும்பி, கேமராவை இறக்கிவிட்டு முதலில் காப்பியைக் குடி என்று தமிழில் அதட்டுகிறார். பேட்டியிலேயே கலகலப்பான இடம் அது. மொழி மாறியது தெரியாததால் அப்பா சிரிக்கவில்லை. [படுக மொழியில்] என்றும் [தமிழில், அதட்டலாக] என்றும் சேர்த்த பிறகு சிரித்தார்.

இசை இதைவிடக் கடினம். கோத்தர்களின் திருவிழாவில் எடுத்த ஒரு காட்சிக்கு, ஆயிரம் காணொளிகளில் பார்த்துப் பழகியபடி [இசை] என்று எழுதிவிட்டு நகரப் பார்த்தேன். இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக மற்றவர்களின் சடங்குகளுக்கும் வாசித்து வந்தவர்கள் கோத்தர்கள். அவர்களுடைய குழலும் முரசும் ஒலிப்பதை இரண்டெழுத்தில் முடிப்பது, கதகளிக்கு ‘ஆட்டம்’ என்று பெயர் போடுவதைப் போன்றது. [கோத்தர் குழலும் முரசும் மெதுவாகத் தொடங்குகின்றன] என்று எழுதி, பிறகு [முரசு விரைகிறது] என்று இன்னொன்று சேர்த்தேன். அதற்கு மேல் எழுதினால் ஆடுபவர்களின் காலைப் பார்க்கக் கண்ணுக்கு நேரம் இருக்காது. மூடுபனி நகரும் காட்சியில் காற்றின் ஓசை இருந்தது, அதை எழுதவில்லை. மரம் அசைவது கண்ணுக்கே தெரிகிறது, அப்பாவுக்குத் தெரிந்ததைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. திரைக்கு வெளியிலிருந்து வரும் ஒலி, ஒருவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும் ஒலி, எதிர்பார்த்த இடத்தில் திடீரென்று நின்றுபோன ஒலி ஆகிய மூன்றையும் மட்டும் விடாமல் எழுதுவது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சட்டம் இதற்கெல்லாம் ஆதரவாகவே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மின்னணு ஊடகங்களில் பார்வையற்றோருக்கான ஒலிவிவரணை, சைகை மொழி, கேப்ஷன் ஆகியவை கிடைக்கச் செய்வதை அரசின் பொறுப்பாக 42ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. தொலைக்காட்சிகளுக்கான தர அளவுகளை ஒன்றிய அரசு 2019 செப்டம்பரிலும், திரையரங்குப் படங்களுக்கான வழிகாட்டுதலை 2024 மார்ச்சிலும் வெளியிட்டது. உலக அளவில் இணையதளங்கள் பின்பற்றும் வெப் அணுகல் நெறிகளில், முன்பே பதிவு செய்யப்பட்ட காணொளிக்குக் கேப்ஷன் என்பது அடிப்படையான முதல் நிலையிலேயே வந்துவிடுகிறது. எழுத்தைப் படத்துக்குள் சேர்ப்பதில் நமக்குச் சொந்த அனுபவமும் உண்டு: அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பிரிஜ் கோத்தாரி 1996இல் தொடங்கிய முயற்சியால், 1999 முதல் தூர்தர்ஷனில் குஜராத்தித் திரைப்பாடல்கள் குஜராத்தி எழுத்தோடேயே வந்தன. அது காது கேட்கும், ஆனால் படிப்பில் தடுமாறும் மக்களுக்காகச் செய்யப்பட்டது. தெரிந்த பாட்டின் வரியைக் கண்ணால் தொடர்ந்து தொடர்ந்து எழுத்து பழகும் என்பது அதன் அடிப்படை. மேட்டுப்பாளையம் பேருந்தில் ஒலியை அணைத்துவிட்டு எங்கள் காணொளிகளைப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பயன்பட்டால் மகிழ்ச்சிதான், ஆனால் நான் எழுதும்போது நினைத்துக்கொள்வது அவர்களை அல்ல.

கடைசியாக நாங்கள் எடுத்தது தொழிற்சாலைக் காணொளி. வாட்டும் தொட்டியிலிருந்து உருளைக்கு இலை போவதைக் காட்டும் காட்சி. கேமரா உள்ளே நுழைந்ததும் பேரிரைச்சல். நான் [இயந்திர இரைச்சல்] என்று எழுதியிருந்தேன். அப்பா மூன்று முறை அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார். பிறகு, அது தவறு என்றார். இலை கன்வேயரில் இன்னும் பாதி வழியில்தான் வந்துகொண்டிருக்கிறது, உருளைக்குள் விழவில்லை. ஆகவே உருளை வெறுமையாக ஓடுகிறது, அப்போது ஓசை கூர்மையாக, பல்லைக் கூசவைப்பதுபோல இருக்கும். இலை விழுந்ததும் கனத்து இறங்கிவிடும் என்றார். நான் காதொலிப்பானை மாட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தேன். பன்னிரண்டாவது நொடியில் இலை விழுகிறது, ஓசை அவர் சொன்னபடியே இறங்குகிறது. அத்தனை முறை தொகுத்தும் அதை நான் கவனித்திருக்கவில்லை.

இப்போது அந்த இடத்தில் இரண்டு கேப்ஷன்கள் இருக்கின்றன. முதலாவது, [உருளைகள் இலையில்லாமல் ஓடும் கூர்மையான இரைச்சல்]. பன்னிரண்டாவது நொடியில், [இலை விழுகிறது, இரைச்சல் கனத்துத் தணிகிறது]. இரண்டாவது வரி கொஞ்சம் நீளம்; ‘கனத்து’ என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்று சொல்லிவிட்டார்.